ஹைலக்ஸ் விகோவுக்குச் சொந்தமாக முன் பம்பரும் இழுவைக் கொக்கியும் செய்யலாமா?

சிகாம்புட்_விகோ:

வணக்கம் அண்ணன்மார்களே. என்னிடம் 2010 டொயோட்டா ஹைலக்ஸ் விகோ பிக்கப், டீசல், மேனுவல். மாதம் ஒருமுறை உலு லங்காட் பக்கமோ ஜண்டா பாயிக் பக்கமோ நாலைந்து வண்டி சேர்ந்து போவோம். பெரிய சாகசமெல்லாம் இல்லை, ஆற்றைக் கடப்பது, சேற்றில் மாட்டுவது, ஒருவரை ஒருவர் இழுப்பது, அப்புறம் மேகி சமைத்துச் சாப்பிட்டு வீடு திரும்புவது.

போன மாதம் மழைக்கு மறுநாள் போனோம். நண்பனின் வண்டி சேஸ் (அடிச்சட்டம்) வரைக்கும் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. முன்னால் அடியில் வளையம் மாதிரி ஒரு கொக்கி இருக்குமே, அதில் ஸ்ட்ராப்பை (இழுவைப் பட்டை) மாட்டி என் வண்டியால் இழுத்தோம். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவது இழுப்பில் அந்தக் கொக்கி வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. தெறிக்கவில்லை, அவ்வளவுதான் எங்கள் அதிர்ஷ்டம்.

அதனால் என் வண்டிக்கு இரும்பில் முன் பம்பர் ஒன்றை நானே செய்து, அதிலேயே ஷேக்கல் (குறுக்குக் கம்பி போட்ட இரும்பு வளையம்) மாட்ட, துளை போட்ட இரண்டு தகட்டுக் காதுகளை வெல்டிங் வைத்துவிடலாம் என்று யோசிக்கிறேன். 5 மி.மீ தகடு, அப்பாவின் பழைய ஸ்டிக் வெல்டிங் மெஷின் இருக்கிறது. கடையில் விசாரித்தால் ரெடிமேட் பம்பருக்கே ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்கிறார்கள். செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) தொல்லை வருமா என்பதையும்.

பிறை_வெல்டர்:

தம்பி, முதலில் அந்த வளைந்த கொக்கி. அது இழுப்பதற்கான கொக்கியே இல்லை. வண்டியைக் கப்பலிலும் ட்ரெய்லரிலும் ஏற்றும்போது ஆடாமல் கீழ்நோக்கிக் கட்டி வைப்பதற்குப் போட்டது. கட்டி வைக்கிற பாரம் வேறு, ஓடி வந்து வெடுக்கென்று இழுக்கிற பாரம் வேறு. பின்னால் ட்ரெய்லர் மாட்ட இருக்கும் டோ பால் குண்டும் அப்படித்தான், அதில் ஸ்ட்ராப்பை மாட்டவே மாட்டாதீர்கள். குண்டு உடைந்தால் அது பீரங்கிக் குண்டுதான், எதிர் வண்டியின் கண்ணாடி அதைத் தடுக்காது.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். நான் பிறையில் 19 வருடமாக இரும்பு வேலை பார்க்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் தலைகீழாக யோசிக்கிறீர்கள். காதைப் பம்பரில் வெல்டிங் வைத்து, பம்பரை நாலு போல்டில் சேஸில் மாட்டினால், இழுக்கும்போது பம்பர்தான் கழன்று வரும். அது சும்மாவும் வராது, ஸ்ட்ராப்பின் நுனியில் பறந்து வரும். காது நேராகச் சேஸில் பிடித்திருக்க வேண்டும். பம்பர் என்பது அதன் மேல் போட்ட சட்டை, அவ்வளவுதான்.

நான் செய்கிற முறை இது: சேஸின் இரண்டு பக்கமும் 10 மி.மீ தகட்டில் ஒரு பிராக்கெட். அதோடு சேர்த்து 20 மி.மீ தகட்டில் வெட்டிய காது. பம்பரின் முகத்தில் ஒரு நீளப் பிளவு வெட்டி, காது அதன் வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். பம்பரைக் கழற்றிக் குப்பையில் போட்டாலும் காது வண்டியில் இருக்கும். 4.75 டன் ஷேக்கலின் குறுக்குக் கம்பி 22 மி.மீ வரும், துளையை 24 அல்லது 25 போடுங்கள், துளையைச் சுற்றிக் குறைந்தது 25 மி.மீ இரும்பு மிச்சம் இருக்கட்டும். காதின் ஓரங்களைக் கிரைண்டரால் உருட்டி விடுங்கள், இல்லாவிட்டால் கயிற்றால் செய்த சாஃப்ட் ஷேக்கலை அது கத்தி மாதிரி அறுக்கும்.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தலையில் 8.8 என்று வலிமை எண் எழுதிய எம்12 (12 மி.மீ) போல்ட் ஒன்று குறுக்கே அறுபட சுமார் 4 டன் வேண்டும். தலையில் எண்ணே இல்லாத போல்டை எடுத்துப் போட்டால் அதில் பாதி தாங்கினால் பெரிய விஷயம். பக்கத்துக்கு நாலு போடுங்கள். சேஸ் உள்ளே வெற்றுப் பெட்டி என்பதை மறக்காதீர்கள், குறுக்கே போல்டை விட்டு முறுக்கினால் பெட்டி நசுங்கும், நசுங்கிய பிறகு போல்ட் தளர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே பைப் துண்டு ஒன்றை வைத்து அதன் வழியாகப் போல்டை விட வேண்டும். பல பேர் இந்த ஒரு பைப்பை விட்டுவிட்டுத்தான் ஆறு மாதம் கழித்து என்னிடம் வருகிறார்கள்.

ஸ்டிக் மெஷின் போதும், ஆனால் ராடு (வெல்டிங் குச்சி) 6013 ரகம் வேண்டாம், காதுக்கும் பிராக்கெட்டுக்கும் 7018 பிடியுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் பாக்கெட்டைத் திறந்து வைத்தால் முடிந்தது கதை. சூடாக்கிக் காய வைத்து, சூடாக இருக்கும்போதே பயன்படுத்துங்கள். வண்டியில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் இசியூவுக்கு (வண்டியின் கம்ப்யூட்டர்) நீங்கள் பதில் சொல்ல வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், இதுவரை 20 மி.மீ தகட்டில் வெல்டிங் பிடித்ததில்லை என்றால் காதை மட்டும் வெளியில் கொடுத்துச் செய்யுங்கள். பம்பர் சட்டையை நீங்களே தைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து_டிராக்டர்:

பிறை தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் வெல்டிங் ஆள் இல்லை, தோட்டத்தில் வளர்ந்தவன், இழுக்கிற கதை மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளில் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றிய லோரி மழையில் புதைந்தது. டிராக்டரில் கம்பிக் கயிறு போட்டு இழுத்தார்கள். எங்கப்பா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தள்ளி நிறுத்தினார், எதற்கென்று அப்போது புரியவில்லை. கயிறு அறுந்தது, சத்தம் துப்பாக்கி மாதிரி, நான் நின்ற இடத்துக்குப் பக்கத்துச் செம்பனை மரத்தில் கையளவு ஆழத்துக்குத் தழும்பு. அந்த மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், கையால் காட்டிவிட்டு நடப்பார்.

அதனால் தம்பி, எத்தனை டன் காது வைத்தாலும் இழுக்கும்போது வண்டிக்குள் இருப்பவரைத் தவிர மற்றவர்கள் ஸ்ட்ராப்பின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில் நிற்கட்டும். ஸ்ட்ராப்பின் நடுவில் ஈரச் சாக்கோ கனமான பையோ போடுங்கள்.

இன்னொன்று. சேறு எவ்வளவு பிடிக்கும் என்பதைக் குறைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். ராணுவ மீட்பு ஆட்களின் கைக்கணக்கு ஒன்று உண்டு: சக்கரம் புதைந்தால் வண்டி எடைக்குச் சமமான இழுவை, மட்கார்டு வரை என்றால் இரண்டு மடங்கு. உங்கள் விகோ, சரக்கு, ஆள், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து இரண்டரை டன் என்று வையுங்கள், ஐந்து டன் இழுவை சுலபமாக வரும். இழுப்பதற்கு முன் பத்து நிமிடம் மண்வெட்டி பிடித்தால் அதில் பாதி குறைந்துவிடும். ஆனால் யார் குனிகிறார்கள்? எல்லோருக்கும் வீடியோ எடுக்கத்தான் கை வருகிறது.

கோலகுபு_சேறு:

ஒரு காதில் மட்டும் இழுக்காதீர்கள் பாஸ், இரண்டுக்கும் பிரிடில் பட்டை போட்டு நடுவில் ஸ்ட்ராப்பை மாட்டுங்கள், சேஸ் கோணாது. ஆனால் குட்டையான பட்டை வேண்டாம். காதுகளுக்கு இடையே 80 செ.மீ, பட்டை மொத்தமே 1 மீட்டர் என்றால் கோணம் விரிந்து ஒவ்வொரு காதும் இழுவையில் 80 சதவீதத்துக்கு மேல் தாங்கும், அதுவும் உள்பக்கமாக வளைக்கும். 3 மீட்டர் பட்டை என்றால் ஆளுக்குப் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

ஜேபிஜே பற்றி. 1987 போக்குவரத்துச் சட்டமும் 1959 மோட்டார் வாகனக் கட்டுமான விதிகளும் இருக்கின்றன, அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால் ரோட் பிளாக்கில் பேச வேண்டியது நீங்கள்தான். செய்வதற்கு முன்பே கவுன்டரில் கேளுங்கள். விற்கும்போது பெயர் மாற்ற, புஸ்பாகோம் மாதிரி வாகனப் பரிசோதனை மையத்துக்குப் போக வேண்டிவரலாம், அங்கே பழைய பம்பரை மறுபடி மாட்ட வேண்டிவரலாம், எனவே கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மோதிய பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. ஏர்பேக் இருக்கிறதா? முன்பக்கம் நொறுங்கும் விதத்தை வைத்துத்தான் அது எப்போது விரிய வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் நொறுங்காத இரும்பை வைத்தால் கணக்கு மாறும். அப்புறம் எடை. 5 மி.மீ தகடு ஒரு சதுர மீட்டர் 39 கிலோ. முழு பம்பர், பிராக்கெட், நாளைக்கு ஆசைப்பட்டு வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்), எல்லாம் சேர்ந்தால் முன் அச்சுக்கு முன்னால் நூறு கிலோ தொங்கும். ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டிவரும். சட்டைக்கு 3 மி.மீ போதும், அது சதுர மீட்டருக்கு 24 கிலோதான்.

சிகாம்புட்_விகோ:

அண்ணே எல்லோருக்கும் நன்றி. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பம்பரின் தோற்றம்தான் முதலில் பிடித்தது, காது இரண்டாவது. ஏர்பேக் இருக்கிறது, இரண்டு. அதனால் இப்போதைக்குப் பம்பர் வேண்டாம், பழைய பிளாஸ்டிக் பம்பரின் கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் வெட்டிக் காதுகளை மட்டும் வெளியே விடுகிறேன். வெட்டுவதற்கு ஹாஃப்கட் (பழைய உதிரிபாகக்) கடையில் இன்னொரு பம்பர் வாங்கிக்கொள்கிறேன், ஒரிஜினல் பத்திரமாக ஸ்டோரில் இருக்கட்டும்.

பிறை அண்ணே, நேற்று சேஸைச் சுத்தம் செய்து பார்த்தேன். கப்பல் கொக்கி மாட்டிய இடத்தில் பக்கத்துக்கு இரண்டு துளைதான் இருக்கிறது. மீதி இரண்டை நான் புதிதாகத் துளைக்கலாமா?

பிறை_வெல்டர்:

அடிப்பக்கத்தில் துளைக்காதீர்கள், பக்கவாட்டில் போடலாம். ஓரத்துக்கு ரொம்பப் பக்கமாகப் போகாமல், போல்டின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது உள்ளே தள்ளி. துளைத்த இடத்தில் பெயின்ட் அடிக்க மறந்தால் துரு சாப்பிட்டுவிடும். முதலில் மைலோ அட்டைப் பெட்டியைப் பிரித்து, சேஸில் ஒட்ட வைத்து, பிராக்கெட்டின் வடிவத்தை வெட்டி எடுங்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு இந்தப் பக்கம் வாருங்கள், 20 மி.மீ துண்டு என் பட்டறையில் கிடக்கிறது, காதை நான் வைத்துத் தருகிறேன்.

சிகாம்புட்_விகோ:

வருகிறேன் அண்ணே. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவேன். நாசி கண்டார் என் கணக்கு.

தோட்டத்து_டிராக்டர்:

போகிற வழியில் அந்த நண்பனின் வளைந்த கொக்கியையும் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். அவன் வண்டியிலேயே விட்டால் அடுத்த மாதம் யாராவது அதில்தான் ஸ்ட்ராப்பை மாட்டுவார்கள்.