பர்லுக்கு ‘மறிகண்ணி’: பின்னல் கலைச்சொற்கள் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு, டர்பனிலிருந்து வணக்கம்.

ஊசிகளால் கம்பளி பின்னுவதில் அடிப்படை வளையங்கள் இரண்டு: ‘நிட்’, அதன் மறுமுகமான ‘பர்ல்’. பர்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு நம் குழுவில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: பின்தையல், புறத்தையல், தலைகீழ்ப் பின்னல், புறக்கண்ணி. நான் ஐந்தாவதாக மறிகண்ணி என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதற்கு இணையாக ‘நிட்’ என்பதற்கு நேர்கண்ணி. நேர்கோடு போல நேர்கண்ணி.

இந்தச் சொற்கள் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். சாட்ஸ்வர்த்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பாட்டிமார்கள் வகுப்பு முடியும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பார்கள். ஜூலை 18 மண்டேலா நாளுக்கு, குளிரில் வாடும் ஏழைகளுக்குப் போர்வைகள் போக வேண்டும் அல்லவா? மண்டேலாவின் செயலாளராக இருந்த செல்டா லா கிரேஞ்ச் 2013-இல் விட்ட சவாலை ஏற்று கேரலின் ஸ்டெய்ன் தொடங்கிய ‘67 போர்வைகள்’ முயற்சி இன்று ஊர் ஊராகப் பரவிவிட்டது. மண்டேலா பொதுவாழ்வில் உழைத்த ஆண்டுகளின் எண்ணிக்கை அந்த 67. நமக்கு ஆடி மாதம் என்றால் கூழும் அம்மனும். தென்னாப்பிரிக்காவில் அதுவே நடுக்குளிர். பிள்ளைகளும் ஆளுக்கொரு சதுரம் பின்ன ஆசைப்படுகிறார்கள். வகுப்பில் கற்ற தமிழ் அந்த பெஞ்சுக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. கையில் ஊசியை எடுத்தால் வாயில் ஆங்கிலம். பின்னல் முறையைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள், பாட்டிமார்கள் செய்து காட்டுவார்கள். ஆகவே எனக்கு வேண்டியது அகராதியில் தூங்கும் சொல் அல்ல. ஒரு வரிசையில் இருபது முறை எழுதினாலும் கை சலிக்காத சொல்.

முதலில் ‘தையல்’ என்ற சொல்லைக் கைவிட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. தையல் என்றால் ஏற்கெனவே இருக்கும் துணியைக் குத்தி இணைப்பது. பின்னலில் துணி இனிமேல்தான் பிறக்க வேண்டும். ஒரு வளையத்தின் வழியே இன்னொரு வளையம், அதன் வழியே இன்னொன்று. அவ்வளவுதான் மொத்த வித்தையும். அந்த வளையத்துக்குக் கண்ணி என்ற பெயர் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. சங்கிலியின் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்கிறோம். பாட்டில் இரண்டிரண்டு அடியாகத் தொடுத்துப் போவதும் கண்ணிதான்.

> வலைக்கண் என்ற வழக்கு இருக்கிறதே, ‘கண்’ என்றே வைத்தால் என்ன? இன்னும் சின்னச் சொல்.

மொரீஷியஸ் ஐயாவின் இந்தக் கேள்வி நல்ல கேள்வி. டர்பன் துறைமுகத்தை ஒட்டிய சாலிஸ்பரி தீவிலும் ஃபின்லாண்ட்ஸ் பக்கத்திலும் நம்மவர்கள் கரைவலை இழுத்துப் பிழைத்தார்கள். சாளை மீன் கூட்டம் கரையோரம் ஏறிவரும் ஜூன், ஜூலை மாதங்களில் இன்றும் இந்தக் கடற்கரையில் வலை இறங்குகிறது. ஆனால் வலைக்கண் ஒவ்வொன்றும் முடிச்சுப் போட்டது. ஒரு கண் அறுந்தால் அறுந்த இடத்தோடு நிற்கும். பின்னலில் முடிச்சே கிடையாது. ஊசியை உருவிவிட்டு நூல் நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் சரசரவென்று பிரிந்து மறுபடி நூலாகிவிடும். முடிச்சிட்ட இடைவெளிக்குக் கண் என்றும், முடிச்சில்லாத வளையத்துக்குக் கண்ணி என்றும் வைத்துக்கொண்டால் இரண்டு கைத்தொழிலுக்கும் தனித்தனிச் சொல் கிடைக்கும்.

> கண்ணி என்றாலே எனக்குக் கண்ணிவெடிதான் நினைவுக்கு வருகிறது. குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் சொல்லா இது?

இந்த வருத்தம் எனக்குப் புரிகிறது, அக்கா. போரைக் கண்ட குடும்பங்களுக்கு அந்தச் சொல் எளிதல்ல. ஆனாலும் அந்த வெடிக்கே பெயர் வந்தது பறவைக்கு வைக்கும் கண்ணியிலிருந்துதான். போர் எடுத்துக்கொண்டு போன சொல்லை போர்வைக்காகத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்றே நான் கேட்கிறேன். கண்ணிக்கும் கன்னிக்கும் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்ற கவலைக்கு, ஊசியில் வரிசையாக நிற்கும் வளையங்களைக் காட்டிச் சொன்னால் ‘ண’ மறக்காது என்பதே என் பதில்.

இனி மறிகண்ணி. நேர்கண்ணி போடும்போது நூல் வேலைக்குப் பின்னால் நிற்கிறது. வலக்கை ஊசி முன்னாலிருந்து கண்ணிக்குள் நுழைந்து பின்பக்கம் போய், அங்கே நூலை வாரி, முன்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. பர்லில் எல்லாம் எதிர். நூல் முன்னால் வருகிறது. ஊசி பின்னாலிருந்து முன்பக்கம் எட்டிப்பார்த்து, நூலை வாரி, பின்னால் தள்ளிவிடுகிறது. நேர்கண்ணியின் முகம் சிறு கவட்டை போலத் தெரியும். அதே கண்ணியைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: குறுக்கே ஒரு சிறு மேடு. அந்த மேடுதான் பர்ல். ஆக இவை இரண்டு வேறு கண்ணிகள் அல்ல. ஒரே கண்ணி, ஒருமுறை நம்மைப் பார்த்தும் ஒருமுறை புரண்டும் நிற்கிறது. ‘தலைகீழ்’ என்பது ஆகாது. மேலும் கீழும் மாறவில்லை, முன்னும் பின்னும்தான் மாறியிருக்கிறது. ‘பின்கண்ணி’ என்றால் பின்னுதலோடு குழம்பும். ‘புறக்கண்ணி’ அழகுதான்; ஆனால் புறம் வந்தால் அகமும் வர வேண்டும், அகக்கண் என்பதோ மனக்கண்ணுக்குப் போய்விட்டது.

மறிதல் என்றால் புரளுதல், மடங்கித் திரும்புதல். மடங்கி விழும் அலையை மறிதிரை என்றார்கள். மறிகண்ணிகள் மட்டும் நிறைந்த பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த அலை வரிசை தெரியும். இன்னொரு பொருத்தமும் இருக்கிறது, இதை எழுதும்போதே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது: ஆட்டின் குட்டிக்கும் மறி என்றே பழைய பெயர். வயலில் ஆட்டுக்கிடை மறிப்பது இன்றும் வழக்கில் இருக்கிறது. 1838-இல் துருக்கியிலிருந்து அங்கோரா ஆடுகள் வந்திறங்கி, இன்று அந்த ஆட்டு மயிரான மோஹேரில் உலக விளைச்சலின் ஏறத்தாழப் பாதியைத் தருகிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு கம்பளிச் சொல் தேடுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

‘வழிமறித்தல்’ என்ற பொருள் முந்திக்கொள்ளும் என்பார்கள். முந்திக்கொள்ளட்டும். நூலை முன்னால் கொண்டுவந்து மறித்துத்தானே இந்தக் கண்ணியைத் தொடங்குகிறோம்.

பர்லுக்குத் தனிச் சொல்லே தேவையில்லை, ‘எதிர்ப்பக்கம்’ என்றால் போதும் என்ற யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கைப்பின்னலின் வரலாற்றில் பர்ல் பிந்தி வந்தது. உறுதியாகக் காட்டக்கூடிய பழைய சான்றுகளில் ஒன்று, 1562-இல் இறந்த ஃபுளோரன்ஸ் கோமகள் டொலேடோவின் எலினோராவை அடக்கம் செய்தபோது அணிவித்த காலுறைகள். 1589-இல் வில்லியம் லீ செய்த காலுறைப் பொறிக்கு நேர்கண்ணி மட்டுமே தெரியும். நேரும் மறியும் கலந்த ‘ரிப்’ வேண்டும் என்றபோது அதற்கென்று தனிக் கருவி சேர்க்க வேண்டியிருந்தது; ஜெடிடையா ஸ்ட்ரட் அதைச் செய்தது 1750களின் இறுதியில். பொறிக்கே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் எட்டாத ஒன்றுக்குச் சொந்தப் பெயர் வேண்டாமா? ஸ்வெட்டரின் மணிக்கட்டும் கழுத்தும் இழுத்தால் விரிந்து விட்டால் ஒடுங்குவது இந்த நேர்–மறி மாற்றத்தால்தான். ஒரு பக்கம் முழுவதும் நேர்கண்ணியாகவே தெரியும்படி பின்னிய துணியின் ஓரம் சுருண்டுகொள்ளும். இடையிடையே மறிகண்ணி வந்தால் அடங்கிக் கிடக்கும்.

பின்னல் எவ்வளவு இறுக்கம் என்பதைக் குறிக்கும் ‘டென்ஷன்’ என்பதற்கு ‘இழுவிசை’ என்ற பரிந்துரை வந்திருந்தது. அது இயற்பியலுக்குச் சரி. பின்னுகிறவர் அளப்பது விசையை அல்ல. 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்பதைத்தான். ‘டபுள் நிட்டிங்’ என்ற நடுத்தரத் தடிமன் நூலை 4 மில்லிமீட்டர் ஊசியில் பின்னினால் வழக்கமான கணக்கு 22 கண்ணி, 28 வரிசை. உங்கள் கை தளர்ந்து 20 கண்ணிதான் வருகிறது என்று வையுங்கள். 110 கண்ணியில் 50 சென்டிமீட்டர் வர வேண்டிய முன்பக்கம் 55 ஆகும், பின்பக்கமும் அப்படியே. ஸ்வெட்டர் மொத்தம் 10 சென்டிமீட்டர் கூடி, மகனுக்குப் பின்னியது அப்பாவுக்குப் போகும். எனவே ‘கண்ணிச் செறிவு’ என்றே சொல்லலாம். முன்கூட்டிப் பின்னிப் பார்க்கும் சதுரம் ‘செறிவுத்துண்டு’.

தொடங்குவதற்குக் ‘கண்ணி ஏற்றுதல்’ என்பதில் யாருக்கும் மறுப்பில்லை, மகிழ்ச்சி. முடிப்பதற்கு ‘இறக்குதல்’ வேண்டாம். ஊசியிலிருந்து வெறுமனே இறக்கினால் வேலை பிரிந்துபோகும். ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணிக்கு மேலாகத் தாண்டவைத்துப் பூட்டுகிறோம். ஆகவே ‘கண்ணி பூட்டுதல்’. கைதவறி விழுவது ‘நழுவிய கண்ணி’. ஊசிக்குக் காது இல்லாததால் ‘கோல்’ என்று மாற்றச் சொல்கிறீர்கள். வீட்டில் எல்லாரும் ஊசி என்றே சொல்லும்போது அதில் கை வைக்க எனக்கு மனமில்லை.

சொற்கள் உண்மையில் நடக்கின்றனவா என்று பார்க்க, பிள்ளைகளின் கழுத்துத்துணிக்கு நான் எழுதிய முறை கீழே. நே என்றால் நேர்கண்ணி, ம என்றால் மறிகண்ணி.

4 மி.மீ. ஊசியில் 40 கண்ணி ஏற்றுக.
வரிசை 1: நே2, ம2, இறுதிவரை இப்படியே.
பின்வரும் எல்லா வரிசைகளும் வரிசை 1 போலவே.
வேண்டிய நீளம் வந்ததும் நேரை நேராகவும் மறியை மறியாகவும் பின்னியபடியே தளர்வாகப் பூட்டுக.

ஆங்கில முறையைவிட இது ஒரு எழுத்துகூட நீளவில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் லெனேஷியாவிலும் பின்னுகிறவர்கள் இந்த நான்கு வரியை வீட்டில் யாரிடமாவது வாசித்துக் காட்டி, எந்தச் சொல்லில் அவர் கை நின்றது என்று எழுதுங்கள். நூலை ஊசிமேல் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வேண்டுமென்றே துளை விடுகிறோமே, பூவேலைப் பின்னலில் வருவது, அதற்கு ‘நூல்சுற்று’ என்று எழுதி வைத்திருக்கிறேன், நிறைவாக இல்லை. ரீயூனியன் நண்பர் அந்த வேலைப்பாட்டில் தேர்ந்தவர். அவரே ஒரு சொல் தரட்டும்.

அன்புடன்,
டர்பன்