ஒரு தார் பூவனும் ஒரே நேரத்தில் பழுத்துவிட்டது, எங்கே தவறு?

லால்குடி மருமகள்:
போன வாரம் மாமியார் வீட்டிலிருந்து ஒரு தார் பூவன் வந்தது. பத்து சீப்பு, நல்ல திரட்சியான காய். சென்னையில் நாங்கள் நான்கு பேர்தான். அக்கம்பக்கம் கொடுத்தது போக, பத்து நாளாவது ஓடும் என்று கணக்குப் போட்டேன். மூன்று நாள் அசையாமல் பச்சையாகவே இருந்தது. நான்காம் நாள் மேல் சீப்பு இரண்டும் மஞ்சளானது. ஆறாம் நாள் காலையில் பார்த்தால் முழுத் தாரும் பழுத்து, சின்னச் சின்ன ஈ மொய்க்கிறது. பதறிப்போய் நான்கு சீப்பை ஃபிரிட்ஜில் வைத்தேன், தோல் கறுத்துவிட்டது. வீடியோவில் பார்த்து, காம்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றியும் பார்த்தேன். அதுவும் பலிக்கவில்லை. அடுத்த மாதம் இன்னொரு தார் வருமாம். வேண்டாம் அத்தை என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்யலாம்?

அண்ணாநகர்வாசி:
கார்பைட் கல் வைத்திருப்பார்கள். இப்போது எல்லாமே அப்படித்தான்.

லால்குடி மருமகள்:
சார், அது கொல்லையில் வெட்டி நேராக பஸ்ஸில் ஏற்றிய தார்!

பழைய மண்டிக்காரன்:
தாரை எங்கே வைத்திருந்தீர்கள் அம்மா? தொங்கவிட்டீர்களா, தரையிலா? பக்கத்தில் வேறு பழம் ஏதாவது இருந்ததா?

லால்குடி மருமகள்:
ஸ்டோர் ரூமில், தரையில். ஈ வராமல் இருக்க மேலே சாக்கு போர்த்திக் கதவைச் சாத்தி வைத்தேன். அங்கேயே ஒரு கூடை மாம்பழமும் இருந்தது.

பழைய மண்டிக்காரன்:
சரிதான். நீங்கள் செய்தது பாதுகாப்பு இல்லை அம்மா, மூட்டம்! அந்தக் காலத்தில் காயை ஒரு அறையில் அடுக்கி, வைக்கோல் புகை போட்டுக் கதவை அடைத்துத்தான் பழுக்க வைப்போம். புகை ஒன்றுதான் உங்கள் வீட்டில் குறை, அந்த வேலையை மாம்பழம் பார்த்துக்கொண்டது. வீட்டில் காயை அரிசிப் பானையில் புதைப்பதும் இதே கணக்குதான்.

அடுத்த தார் வந்ததும் முதல் வேலையாக சீப்பு சீப்பாக அறுத்துவிடுங்கள். வெட்டுவாயில் பால் வடியும், ஒரு மணி நேரம் வாழைச் சருகின் மேல் கவிழ்த்து வைத்தால் நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு சீப்பையும் தனித்தனியாகக் கயிற்றில், காற்று ஓடும் இடத்தில் தொங்கவிடுங்கள். தாரில் மேல் சீப்புதான் மூத்தது, அதுதான் முதலில் பழுக்கும். அதை மற்றவற்றோடு வைக்காதீர்கள். அடிபட்ட காயும் முந்திக்கொண்டு பழுக்கும், அதையும் தனியே எடுத்துவிடுங்கள்.

தோட்டக்கலை மாணவன்:
ஐயா சொன்னதற்குக் காரணம் எத்திலீன் வாயு. வாழைக்காய் விளைந்த பிறகு, ஒரு கட்டத்தில் தானே இந்த வாயுவை விட ஆரம்பிக்கும். பட்ட வாயு இன்னும் அதிக வாயுவைக் கிளப்பும். அதனால்தான் மூன்று நாள் சும்மா இருந்த தார் அடுத்த மூன்று நாளில் முடிந்துபோனது. பச்சைக் காயில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து இருக்கும். பழுக்கும்போது அதில் பெரும்பகுதி சர்க்கரையாகிவிடும். வெயில் காலத்தில் இதெல்லாம் இன்னும் வேகமாக நடக்கும்.

ஃபிரிட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். வாழை வெப்ப நாட்டுப் பயிர். 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் அடிபட்டுக் கறுக்கும். கப்பலில் அனுப்பும் காயைக்கூட 13, 14 டிகிரியில்தான் வைப்பார்கள். நம் வீட்டு ஃபிரிட்ஜோ நான்கைந்து டிகிரி. பச்சைக் காயை உள்ளே வைத்தால் பழுப்பது நின்றுவிடும், வெளியே எடுத்த பிறகும் சரியாகப் பழுக்காது. நன்றாகப் பழுத்ததை வைக்கலாம். தோல் கறுத்தாலும் உள்ளே சதை சில நாள் நன்றாகவே இருக்கும். அந்த நான்கு சீப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அக்கா.

காம்பில் தாள் சுற்றுவதை நானும் செய்து பார்த்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காம்பை மட்டும் கட்டி என்ன பயன்? பழம் முழுக்கவே வாயு வருகிறது.

கார்பைட் பற்றி ஒரு வரி. அது இங்கே தடை செய்யப்பட்டது. பழுக்க வைக்கும் அறைகளில் எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேளச்சேரி அம்மா:
நடுவில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் ரொபஸ்டா வாங்கினால் தோல் பச்சையாகவே இருக்கிறது, உரித்தால் உள்ளே கொழகொழ. இது எந்த வியாதி?

தோட்டக்கலை மாணவன்:
வியாதி இல்லை, வெக்கை. அந்த வகைக்கு அறைச் சூடு அதிகமானால் தோலின் பச்சையம் முழுதாகக் கரையாது, சதை மட்டும் கனிந்துவிடும். நிறத்தை நம்பாமல் மெல்ல அழுத்திப் பாருங்கள்.

சமையல்கட்டு:
கறுத்துப்போன பழத்தை மசித்து, கோதுமை மாவு, வெல்லம், ஏலக்காய் சேர்த்து அப்பம் சுடுங்கள். தண்ணீரே தேவைப்படாது. மீதியை உரித்து, துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மில்க் ஷேக்குக்கு ஆகும். உரித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். தோலோடு வைத்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

லால்குடி மருமகள் (ஒரு மாதம் கழித்து):
இரண்டாவது தார் வந்து போயிற்று. வந்த அன்றே அறுத்து, மேல் சீப்பு இரண்டை அரிசி டப்பாவில் வைத்தேன். மீதியை பால்கனிக் கொடியில் நிழலாகத் தொங்கவிட்டேன். டப்பாவில் இருந்தது மூன்றாம் நாள் பழுத்தது. தொங்கியவை ஒவ்வொன்றாகப் பழுத்து, கடைசி சீப்பு பன்னிரண்டாம் நாள்தான் தீர்ந்தது. அடிச் சீப்பு மட்டும் கொஞ்சம் புளித்தது, காய் முற்றவில்லை போலிருக்கிறது. கொடியைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டில் பழக்கடை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள், அது வேறு கதை.

அடுத்து அத்தை ரஸ்தாளி அனுப்புகிறாராம். அதையும் இப்படியே தொங்கவிடலாமா?

பழைய மண்டிக்காரன்:
காயாக இருக்கும்வரை தொங்கட்டும். மஞ்சள் ஏறியதும் இறக்கி, தட்டில் பரப்பிவிடுங்கள் அம்மா. பூவன் மாதிரி பிடித்துக்கொண்டு நிற்காது, ரஸ்தாளி பழுத்தால் காம்போடு உதிரும். தோலில் கறுப்பு விழுகிறவரை பொறுங்கள், அவசரப்பட்டு உரித்தால் நடுவில் கட்டி தட்டும்.