நகைச்சுவைக் குறுங்காட்சியிலிருந்து பாட்காஸ்டுக்கு

கேள்வி: யூடியூபில் நகைச்சுவைக் குறுங்காட்சிகளால் பெயர் பெற்ற பலர் பின்னர் பாட்காஸ்ட் பக்கம் செல்வதற்கு வருமானம் மட்டும்தான் காரணமா?

பதில் 1: உழைப்பே முதன்மைக் காரணம் என்பேன். சில நிமிடக் காட்சிக்கே எழுத்து, ஒத்திகை, படப்பிடிப்பு, படத்தொகுப்பு என நாள்கள் கரைந்துவிடும். பாட்காஸ்ட் எனும் ஒலி உரையாடலுக்கோ ஒலிவாங்கிகளும் நல்ல துணையும் போதும் (அந்தத் துணை அமைவதுதான் அரிது), அதோடு நீண்ட நேரம் ஓடுவதால் விளம்பரத்துக்கும் இடம் கூடுதல்.

பதில் 2: எல்லோரும் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போவதில்லை. அமெரிக்க நகைச்சுவை இரட்டையர் ரெட், லிங்க் இருவரும் யூடியூபில் 2012இல் தொடங்கிய காலை நிகழ்ச்சியைத் தொடர்ந்தபடியே 2013இல் 'இயர் பிஸ்கட்ஸ்' பாட்காஸ்டைத் தொடங்கினர்.

பதில் 3: சேனலின் உரிமை யாரிடம் என்பதையும் கவனியுங்கள். 2011இல் விற்கப்பட்ட ஸ்மோஷ் என்ற யூடியூப் நகைச்சுவைச் சேனல், அதை வைத்திருந்த டிஃபை மீடியா நிறுவனம் 2018இல் மூடப்பட்டதால் கைமாறியது. 2023இல்தான் நிறுவனர்கள் இருவரும் பெரும்பான்மைப் பங்கைத் திரும்ப வாங்கினர்.