ரிமோட் கழுநீரில் விழுந்துவிட்டது, டிவி சத்தத்தை எப்படிக் குறைப்பது?

சோமனூர்_தறிக்காரன்:
வணக்கமுங்க. வீட்டில் 43 இன்ச் ஆண்ட்ராய்டு டிவி, சுவரோடு ஒட்டி மாட்டியிருக்கிறது. நேற்றுப் பொழுதோட எங்கள் சின்னவன் ரிமோட்டைக் கொண்டுபோய் எருமைக்கு வைத்திருந்த கழுநீர்த் தாழியில் போட்டுவிட்டான். எடுத்துத் துடைத்து, பேட்டரி மாற்றியும் உசிர் வரவில்லை. வீட்டை ஒட்டியே தறிக்குடோன், தறி ஓடும்போது 60-ல் வைத்தால்தான் அப்பத்தாவுக்கு சீரியல் காதில் விழும், இப்போது அந்த 60-லேயே நின்றுவிட்டது. ஷிஃப்ட் மாற தறியை நிறுத்தினார்கள் என்றால் வீதி முழுக்க எங்கள் வீட்டு மாமியார் மருமகள் சண்டைதான் கேட்கிறது (சீரியலில்தானுங்க).

கேபிள் பாக்ஸ் ரிமோட் நன்றாக இருக்கிறது. அதில் வால்யூமைக் குறைத்தால் சில சேனலில் குறைகிறது, சில எச்.டி. சேனலில் திரையில் கோடு மட்டும் இறங்குகிறது, சத்தம் அப்படியே. வாங்கின கடையில் கேட்டால் கம்பெனி ரிமோட் வர பத்து நாள் ஆகுமாம். வைஃபை கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான், அதையும் டிவியில் இணைத்ததே இல்லை. என்ன பண்ணலாம்?

பொள்ளாச்சி_இளநி:
முதலில் டிவியிலேயே பொத்தான் இருக்கிறதா என்று பாருங்க. பார்ப்பது கஷ்டம், தடவித்தான் பார்க்கணும். கம்பெனி பெயர் எழுதியிருக்கும் இடத்துக்கு நேர் கீழே விளிம்பில் விரலை ஓட்டுங்க, இல்லையென்றால் பின்பக்கம் வலது கீழ் மூலையில் இருக்கும். போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து டிவிக்குக் கீழே பிடித்தால் தெரிந்துவிடும். சிலதில் குமிழ் மாதிரி இருக்கும், அதை இடம் வலம் தள்ளினால் சத்தம் கூடும் குறையும். ஒற்றைப் பொத்தான் என்றால் ஒரு தடவை லேசாக அழுத்துங்க, சின்னதாக மெனு வரும், லேசாக அழுத்தினால் அடுத்ததுக்கு நகரும், அழுத்திப் பிடித்தால் அது தேர்வாகும். சில மாடலில் அந்தப் பொத்தான் ஆன் ஆஃப் பண்ண மட்டும்தான், அதில் மெனுவே வராது.

ரிமோட்டை அரிசி டப்பாவில் ரெண்டு நாள் புதைத்து வைத்தும் பாருங்களேன்.

அவினாசி_சர்வீஸ்:
அரிசியெல்லாம் வேண்டாமுங்க. நல்ல தண்ணியில் விழுந்திருந்தால் காய்ந்தாலே பாதி சரியாகும். இது கழுநீர், உப்பும் தவிடும் கஞ்சியும் போர்டில் ஒட்டிக் காய்ந்துவிடும், அரிசி அதை எடுக்காது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூ இருந்தால் அவிழ்த்து (பேட்டரி மூடிக்குள் ஒன்று ஒளிந்திருக்கும்), ஓரத்தில் பழைய ஏ.டி.எம். கார்டை விட்டு நெம்பினால் ரெண்டாகப் பிரியும். ரப்பர் ஷீட்டை சோப்புத் தண்ணியில் அலசுங்க, ஆனால் அடியில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளைச் சுரண்டாதீங்க, அதுதான் போர்டில் பட்டு வேலை செய்கிறது. போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு பழைய டூத் பிரஷ்ஷில் தேய்த்து, நிழலில் ஒரு நாள் காயவிட்டு மாட்டுங்க. வெயிலில் வைக்க வேண்டாம். பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தால் அதையும் தேய்த்து எடுத்துவிடுங்க.

உசிர் வந்ததா என்று பார்க்க, போனின் முன் கேமராவைத் திறந்து ரிமோட் மூக்கை அதற்கு நேரே காட்டி பொத்தானை அழுத்துங்க. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் ஊதாவாக மினுக்கும். மைக் வைத்த ரிமோட் என்றால் பெரும்பாலும் ப்ளூடூத், அதனால் மினுக்கவில்லை என்றவுடன் தூக்கிப் போட்டுவிடாதீங்க.

கோபி_கேபிள்:
நான் கேபிள் லைன் பார்க்கிறவன். எல்லாரும் ரிமோட்டையே பேசுறீங்க, அவர் சொன்னதில் முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீங்க. எச்.டி. சேனலில் கோடு இறங்கியும் சத்தம் குறையவில்லை என்றால் பாக்ஸ் கெட்டுப்போகவில்லை. அந்த சேனல்களில் ஆடியோ டால்பி என்கிற சுருக்கிக் கட்டிய வடிவில் வரும். பாக்ஸ் அதைப் பிரிக்காமல் கட்டோடு எச்.டி.எம்.ஐ. வழியாக டிவிக்கு அனுப்பிவிடும், டிவிதான் பிரித்துப் பாடும். பாக்ஸ் தொடாத சத்தத்தைப் பாக்ஸ் எப்படிக் குறைக்கும்?

பாக்ஸ் ரிமோட்டில் மெனு, செட்டிங்ஸ், ஆடியோ போங்க. அதில் ரா, பிட்ஸ்ட்ரீம், டால்பி என்று எது இருந்தாலும் பி.சி.எம்-க்கு (பாக்ஸே பிரித்து அனுப்பும் முறை) மாற்றுங்க. அப்புறம் எல்லா சேனலிலும் பாக்ஸ் வால்யூமே போதும். ஆடியோ மெனுவே இல்லாத பாக்ஸ் என்றால் எச்.டி.எம்.ஐ-க்குப் பதில் மஞ்சள் வெள்ளை சிவப்பு ஒயரைப் போடுங்க, படம் கொஞ்சம் மங்கும், ஆனால் சத்தம் சொன்ன பேச்சைக் கேட்கும். டிவி 60-லேயே கிடக்கட்டும், பாக்ஸில் ஏற்றி இறக்குங்க. ரிமோட் நன்றாக இருக்கிற வீட்டுக்கே நான் இதைத்தான் சொல்வது, வயசானவங்களுக்கு ரெண்டு ரிமோட் குழப்பம்.

திருப்பூர்_பனியன்:
யூடியூப் பார்க்கும்போது பாக்ஸ் வால்யூம் உதவாதே? அதற்கு இது. ஷியோமி, போக்கோ போன் பலதில் தலையில் சின்னக் கறுப்புப் புள்ளி இருக்கும், அது ரிமோட் விளக்கு. எம்.ஐ. ரிமோட் ஆப்பில் டிவி கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் வைஃபையே இல்லாமல் வேலை செய்யும். ஐபோனில் அது கிடையாது.

புள்ளி இல்லாத போன் என்றால் கூகுள் டிவி ஆப். ஆனால் டிவியும் போனும் ஒரே வைஃபையில் இருக்கணும், டிவியை ஹாட்ஸ்பாட்டில் இணைக்கவே ரிமோட் வேணுமே என்பீங்க. கம்ப்யூட்டர் மவுஸை டிவி யூ.எஸ்.பி-யில் செருகுங்க, திரையில் அம்பு வரும், ரைட் கிளிக் பெரும்பாலும் பேக் பட்டன். செட்டிங்ஸுக்குப் போய் ஹாட்ஸ்பாட்டைத் தட்டுங்க. ஹாட்ஸ்பாட்டை வேறொரு போனில் போட்டு, ஆப் இருக்கும் போனையும் அதிலேயே சேர்த்துவிட்டால் சிக்கல் வராது. டிவித் திரையில் வரும் இணைப்புக் குறியீட்டை ஆப்பில் அடித்தால் போன் ஓரத்து வால்யூம் பட்டனிலேயே குறையும். வால்யூம் கீ இருக்கிற யூ.எஸ்.பி. கீபோர்டு கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை, செருகி அழுத்திப் பாருங்க.

சோமனூர்_தறிக்காரன்:
கோபி அண்ணா, ஆடியோவில் ரா என்றுதான் இருந்தது. பி.சி.எம். வைத்ததும் எச்.டி-யிலும் குறைகிறது, ரொம்ப நன்றிங்க. டிவிக்கு அடியில் தடவிப் பார்த்ததில் ஒற்றைப் பொத்தான்தான், ஆன் ஆஃப் மட்டும். ரிமோட்டைப் பிரித்து அலசிக் காயவைத்திருக்கிறேன், உள்ளே ஒரு பருத்திக்கொட்டையே இருந்தது. தேறாவிட்டால் கோவை காந்திபுரம் போய் வேறு வாங்கலாமா, பத்து நாள் காத்திருக்கணுமா?

அவினாசி_சர்வீஸ்:
காத்திருக்க வேண்டாமுங்க, 150, 200 ரூபாய்க்கு உங்கள் மாடலுக்கான சாதா ரிமோட் கிடைக்கும். மைக் இருக்காது, வால்யூமுக்கு அது எதற்கு. போகும்போது பழைய ரிமோட்டையும் கையில் கொண்டுபோங்க, பட்டன் வரிசை ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கணும். கடையில் நிறுத்தி வைத்திருக்கும் டிவியில் வேலை செய்தால் உங்கள் டிவியிலும் செய்யும் என்று அர்த்தமில்லை, மாற்றித் தருவீங்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்க.