மலிவு கிட்டாரைச் சரிபண்ணினீர்களா, மாற்றினீர்களா? அனுபவம் சொல்லுங்கள்

ஆறாம் தந்தி:
அக்கா பொண்ணு கிட்டார் கத்துக்கிறாள். கையில் இருப்பது இருப்பதிலேயே மலிவான ரகம், முழுக்க பிளைவுட். ஜி, ஸி, ஏ மைனர் கார்டுகளெல்லாம் (பல தந்திகளைச் சேர்த்துப் பிடிக்கும் சுரக்கூட்டு) பிடித்துவிடுகிறாள். எஃப் வந்தால் மட்டும் "எனக்கு வரவே வராது மாமா" என்று கீழே வைத்துவிடுகிறாள். நான் வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். எனக்கே முதல் இரண்டு தந்தியும் 'டப் டப்' என்கிறது. ஸ்கேல் வைத்து அளந்ததில், 12-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பி) தடித்த தந்திக்கு அடியில் கிட்டத்தட்ட 4 மி.மீ. இடைவெளி. வகுப்பு எடுப்பவர் "வேற வாங்கிடுங்க" என்கிறார். "வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலையேடா" என்கிறாள் அக்கா. இந்த இடத்தில் மாட்டியவர்கள் என்ன செய்தீர்கள்?

மரத்தூள்:
பழுது பார்க்கிற வேலையைப் பகுதி நேரமாகச் செய்கிறேன். என்னிடம் வரும் மலிவு கிட்டார்களில் பாதிக்கு மேல் இதே புகார்தான். உங்கள் 4 மி.மீ. ரொம்ப அதிகம். தடித்த தந்திக்கு 2.5 மி.மீ. பக்கம், மெல்லிய தந்திக்கு 1.8 மி.மீ. பக்கம் இருந்தால் கற்பவர் கைக்குச் சுகம்.

நான் முதலில் பார்ப்பது நெக், அதாவது கழுத்தின் சாய்வை. நீளமான நேர்கோலை ஃப்ரெட்டுகள் மேல் படுக்கவைத்து பிரிட்ஜ் (மேல்பலகையில் தந்திகளைப் பூட்டியிருக்கும் மரக்கட்டை) வரைக்கும் நீட்டுங்கள். கோலின் முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்விளிம்பைத் தொட்டாற்போல் வந்தால் நல்லது. நன்றாகக் கீழே இறங்கி பிரிட்ஜின் நெஞ்சில் முட்டினால் நெக் முன்னால் சாய்ந்துவிட்டது. அதைக் கழற்றித் திருப்பி ஒட்டுகிற கூலியில் இந்த ரகத்தில் இன்னொன்றே வாங்கிவிடலாம். அப்படி வந்தால் நான் கைவைக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சாய்வு சரியென்றால், சேடில் (பிரிட்ஜில் தந்திகள் உட்காரும் மெல்லிய பட்டை) பிரிட்ஜுக்கு மேல் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். சேடிலில் 2 மி.மீ. தேய்த்தால் 12-ஆம் ஃப்ரெட்டில் 1 மி.மீ.தான் இறங்கும். உங்களுக்கு 1.5 மி.மீ. இறங்க வேண்டும், ஆக 3 மி.மீ. தேய்க்கணும். மேலே தெரிவதே 3 மி.மீ.தான் என்றால் கணக்கு உதைக்கும். தேய்த்தபிறகும் கொஞ்சம் மிஞ்சி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தந்தி சேடிலை அழுத்தாது, சத்தம் செத்துப்போகும். தேய்ப்பது எப்போதும் அடிப்பக்கம், தட்டையான பரப்பில் உப்புத்தாள் போட்டு. மேல்பக்கம் வேண்டாம்.

ஒரு பையன் கொண்டுவந்த கிட்டாரைச் சொல்லணும். ஆக்‌ஷனை இறக்குகிறேன், அதாவது தந்தி உயரத்தைக் குறைக்கிறேன் என்று யாரோ ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் இரும்புக் கோல்) முறுக்கு முறுக்கென்று முறுக்கியிருக்கிறார்கள். நெக் பின்பக்கமாக வளைந்து, முதல் சில ஃப்ரெட்டில் எதைத் தொட்டாலும் 'ஜ்ஜ்ஜ்'. "கிட்டார் போச்சுண்ணா, இல்ல?" என்றுதான் உள்ளேயே வந்தான். ராடைத் தளர்த்தி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் சேடிலைத் தேய்த்துக் கொடுத்தேன். ராடு நெக்கின் வளைவுக்கு மட்டும்தான், உயரத்துக்கு இல்லை. 1-ஆம் ஃப்ரெட்டையும் உடம்பு சேரும் ஃப்ரெட்டையும் ஒரே தந்தியில் அழுத்திப் பிடித்தால், நடுவில் 0.2, 0.3 மி.மீ. சந்து தெரிந்தால் போதும். அதைத் தாண்டினால்தான் ராடைத் தொடணும், அதுவும் கால் சுற்று, கால் சுற்றாக. சில அடிமட்ட ரகங்களில் அந்த ராடே இருக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேப்போக்காரி:
எஃப் மட்டும் வரலைன்னா நட் மேலதான் எனக்குச் சந்தேகம், அதான் தலைப்பக்கம் தந்திங்க பள்ளத்துல உட்காருற பட்டை. எனக்கும் அதேதான் நடந்தது. 12-ஆம் ஃப்ரெட்ல அளவு பரவாயில்லை, ஆனா எஃப் பிடிச்சா விரல் கன்னிப்போயிடும். 1-ஆம் ஃப்ரெட்ல கேப்போ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்துற கிளிப்) மாட்டி, அதே எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடிச்சேன். அட, சுலபமா வந்துடுச்சு! கேப்போ போட்டா நட் கணக்குலேயே வராது இல்லையா? அப்போ குற்றவாளி நட்தான். இன்னொண்ணு, ட்யூன் பண்ணின பிறகும் 1-ஆம் ஃப்ரெட் சுரமெல்லாம் கொஞ்சம் ஏறியே கேட்கும். அதுக்கும் இதே காரணம்.

தந்தியை 3-ஆம் ஃப்ரெட்டுக்குப் பக்கத்துல அழுத்திட்டு 1-ஆம் ஃப்ரெட் மேல பாருங்க. தலைமுடி அளவு சந்து இருக்கணும், அவ்வளவுதான். என்னுடையதுல நிஜமாவே வெளிச்சம் தெரிஞ்சது. பள்ளத்தை ஆழப்படுத்தத் தனி அரம் இருக்கு, தந்தித் தடிப்புக்கு ஒண்ணுன்னு. நான் ஒருத்தர்கிட்ட கொடுத்துச் செஞ்சுக்கிட்டேன். கொஞ்சம் அதிகமா அறுத்துட்டா திறந்த தந்தி (விரல் வைக்காதது) ஃப்ரெட்ல பட்டு அதிரும், அப்புறம் நட்டையே மாத்தணும்.

சுருதிபேதம்:
மாற்றியவன் கட்சிக்கும் ஒரு ஆள் வேண்டாமா? எனக்குத் தெரிந்தவர் மூலம் வந்த பழைய கிட்டார், உண்மையில் நைலான் தந்திக்குச் செய்தது. முன்னால் வைத்திருந்தவர் ஸ்டீல் தந்தி போட்டுவிட்டார். நைலான் ஆறும் சேர்ந்து இழுப்பது 40 கிலோ அளவு, 12–53 ஸ்டீல் செட் (மெல்லிய, தடித்த தந்திகளின் தடிப்பு எண்கள்) 70 கிலோவுக்கு மேல். மேல்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் தொப்பை போட்டு, பிரிட்ஜுக்கு அடியில் ஒரு தாளைச் செருகினால் பாதி உள்ளே போகிறது. தட்டினால் உள்ளே ஏதோ சட்டம் கழன்று கடகடவென்றது. யோசிக்கவே இல்லை, வேறு வாங்கினேன்.

ஆனால் வகுப்பு எடுப்பவர் சொல்லாத ஒன்று. புதிதாக வாங்கியதிலும் நட் உயரம்தான்! மலிவு ரகத்தில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரிபார்க்க யாருக்கு நேரம், அதிராமல் இருந்தால் போதுமென்று உயரமாகவே விட்டு அனுப்பிவிடுகிறார்கள். செட்டப் செலவை, அதாவது இப்படி உயரம் சரிபண்ணும் கூலியை எப்படியும் செய்தேன். எனவே உங்கள் கணக்கில் புதிய கிட்டார் பக்கமும் செட்டப் கூலியைச் சேர்த்தே எழுதுங்கள்.

ஆறாம் தந்தி:
எல்லாருக்கும் நன்றி. கோல் பிரிட்ஜ் விளிம்புக்கு நூலிழை அளவு கீழே முட்டியது, மோசமில்லை. தாள் எங்கும் நுழையவில்லை. கேப்போ சோதனையில் எஃப் சுத்தமாகப் பேசியது, அக்கா பொண்ணு என்னை முறைத்தாள். நட்டை ஆழப்படுத்தி, ராடைக் கால் சுற்று இறுக்கி, சேடிலை 2 மி.மீ. தேய்த்தாயிற்று. இப்போது 12-இல் 2.9 மி.மீ. அதற்கு மேல் தேய்க்க சேடில் இல்லை. 10–47 தந்தி போட்டுக் கொடுத்தேன், சத்தம் கொஞ்சம் சன்னமாகிவிட்டது, அவளுக்குக் கவலையில்லை. புதியது இப்போதைக்கு இல்லை.

ஒரு சந்தேகம்: ஜி தந்தியை முறுக்கும்போது 'டிங்'கென்று ஒரு சத்தம் வந்து சுருதி குதிக்கிறது. ட்யூனரை (தந்தியை முறுக்கும் திருகு) மாற்ற வேண்டுமா?

மரத்தூள்:
ட்யூனர் மேல் பழி வேண்டாம். தந்தி நட் பள்ளத்தில் சிக்கி விடுபடுகிற சத்தம் அது. தந்தியைத் தளர்த்தி ஒதுக்கி, பள்ளத்தில் மெத்தென்ற பென்சிலை நாலு இழு இழுத்துவிடுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம், 10–47-இன் இழுப்பு குறைவு. அதனால் நெக் இன்னும் கொஞ்சம் நிமிரும். ஒரு வாரம் கழித்து நெக் நடுவில் தெரியும் அந்தச் சந்து எவ்வளவு என்று மறுபடி பாருங்கள், முதல் ஃப்ரெட்டுகளில் அதிர்ந்தால் இறுக்கிய கால் சுற்றைத் திருப்பி விட்டுவிடலாம்.