ஷில்லாங்கில் குடியேறியவர்கள்: ஜாடோ கடையும் குவாயும்

வைகைக்கரை:

மேகாலயாவுல இருக்கிற ஷில்லாங்குக்கு மாற்றலாகி வர்ற நம்ம ஆளுங்க முதல்ல கேக்கிறது, "அங்க நம்ம சாப்பாடு கிடைக்குமா?" கிடைக்கும். அரிசி, பருப்பு, தோசை எதுக்கும் பஞ்சமில்லை. ஆனா அதோட நின்னுட்டீங்கன்னா, எத்தனை வருஷம் இருந்தாலும் இந்த ஊருக்கு நீங்க விருந்தாளிகூட ஆக முடியாது. வந்த வாரமே ஒரு ஜாடோ கடையில போய் உக்காருங்க.

சின்ன இடம்தான். சில பெஞ்சுகள், வரிசையா பாத்திரங்கள், பெரும்பாலும் ஒரு காசி அம்மாதான் (காசிங்கிறது இந்த மலை மக்களோட பேரு) கடையை நடத்துவாங்க. 'கோங்'னு கூப்பிடுங்க, நாம அக்கான்னு கூப்பிடுற மாதிரி. ஜாடோங்கிறது பன்றிக்கறியோட வேக வச்ச அரிசி. ரத்தம் சேர்த்துச் செய்றதும் உண்டு; வேண்டாம்னா முன்னாடியே கேட்டுக்கலாம். தொட்டுக்க தோனெய்யோங். கறுப்பு எள்ளை அரைச்சுவிட்ட பன்றிக்கறிக் குழம்பு, கன்னங்கரேல்னு இருக்கும். எங்க வீட்டுல கறுப்பு எள்ளுன்னா திதியும் சனிக்கிழமையும்தான். மிஞ்சினா எள்ளுப்பொடி. கறிக்குழம்புல அதை நான் நினைச்சே பாத்ததில்லை. எள்ளோட லேசான கசப்பு கொழுப்போட திகட்டலை அப்படியே எடுத்துடுது. மசாலான்னு பெருசா ஒண்ணும் கிடையாது. இஞ்சி, பூண்டு, வெங்காயம், மஞ்சள், மிளகாய், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கைப்பக்குவம்.

துங்க்ரும்பாய்க்குக் கொஞ்சம் பொறுமை வேணும். புளிக்க வச்ச சோயா, தாளிக்கிற வாசனை தெருமுனை வரைக்கும் வரும். மூக்கைப் பொத்தாம ரெண்டு வாய் சாப்பிடுங்க, மூணாவது வாய் தானா இறங்கும்.

நான் முக்கியமா சொல்ல வந்தது குவாய் பத்தி. பச்சைப் பாக்கு, வெத்தலை, சுண்ணாம்பு. யார் வீட்டுக்குப் போனாலும் முதல்ல நீட்டுறது இதைத்தான். பழக்கமில்லாதவங்களுக்குக் காது சூடாகும், வேர்க்கும், தலை சுத்தும், அதனால சின்னத் துண்டா வாங்கிக்குங்க. இதுக்கு ஒரு கதை இருக்கு. பணக்கார நண்பன் ஒருத்தன் ஏழை நண்பன் வீட்டுக்கு வந்தான். உபசரிக்க வீட்டுல ஒரு பிடி அரிசிகூட இல்லை. அந்த அவமானம் தாங்காம ஏழையும் அவன் மனைவியும் உயிரை விட்டாங்க. அதைப் பாத்துப் பணக்காரனும் விட்டான். இனி எந்த ஏழையும் விருந்தாளி முன்னாடி தலைகுனியக் கூடாதுன்னு கடவுள் அவங்களைப் பாக்காவும் வெத்தலையாவும் சுண்ணாம்பாவும் ஆக்கினாராம். எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னது. செத்துப் போனவங்களைப் பத்திப் பேசும்போது, "அவர் கடவுள் வீட்டுல குவாய் போட்டுக்கிட்டு இருக்கார்"னு சொல்ற வழக்கமும் இங்க உண்டு. பாட்டி தன் தம்பியைப் பத்தி அப்படிச் சொன்னப்போ எனக்குத் தொண்டை அடைச்சுது.

குடந்தைக்காரன்:

அக்கா, அருமையா எழுதியிருக்கீங்க. நான் சைவம், எனக்குத் தெரிஞ்சதைச் சேர்க்கிறேன்.

ஜாஸ்டெம் என்ற மஞ்சள் சோற்றைப் பார்த்ததும் சைவம் என்று நினைத்துவிட வேண்டாம். கறிச்சாறோ கொழுப்போ சேர்த்திருப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். காலை நேரத்தில் 'புதாரோ' என்ற பலகாரம் நிம்மதி. அரிசி மாவில் சுடுவது, சிவப்புத் தேநீரோடு தருவார்கள். இங்கே பால் சேர்க்காத தேநீர்தான் வழக்கம். வெல்லமும் அரிசி மாவும் கலந்து எண்ணெயில் பொரித்த புக்லெய்னைக் கடித்தபோது, தீபாவளிக்கு அம்மா சுடும் அதிரசத்துக்கு இங்கே ஒரு தங்கை இருக்கிறாள் என்று தோன்றியது.

சைவக்காரருக்கு உண்மையான விருந்து இயூதூ சந்தையில் இருக்கிறது, படா பஜார் என்றும் சொல்வார்கள். காசிகளின் பழைய வாரத்துக்கு எட்டு நாள். அந்த முறைப்படி ஊருக்கு ஊர் சந்தை நாள் மாறி வரும். இயூதூ இப்போது ஞாயிறு தவிர மற்ற நாட்களில் நடக்கிறது. சரிவில் இறங்கும் இடுக்கான சந்துகள், இருபுறமும் பெண் வியாபாரிகள். சோப்லாங் கிழங்கு கிடைக்கும் காலத்தில் விட்டுவிடாதீர்கள். தோலை உரித்துப் பச்சையாகவே, அரைத்த விதைத் துவையலில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். லகடோங் மஞ்சளும் வாங்குங்கள். ஜைந்தியா மலையில் விளைவது, மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் சாதாரண மஞ்சளைவிட இதில் மிக அதிகம். சாம்பாருக்கு வழக்கமான அளவில் பாதி போட்டால் போதும்.

நெல்லைச்சீமை:

சாப்பாட்டைச் சொல்லிவிட்டீர்கள், வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். இங்கே பிள்ளைகளுக்குத் தாயின் குலப்பெயர்தான். பூர்விக வீடு கடைசி மகளுக்கு. அவளைக் 'காதூ' என்பார்கள். அது வெறும் சொத்து இல்லை. வயதான பெற்றோரைப் பார்ப்பதும், உடன்பிறந்தவர் யார் நொடித்து வந்தாலும் கதவு திறப்பதும் அவள் கடமை. நம்மவர்கள் உடனே, "அப்போ இங்க பொம்பளை ஆட்சியா?" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள். குடும்பத்தில் தாய்மாமன் சொல்லுக்குப் பெரிய எடை உண்டு, ஊர்ச்சபையான தோர்பார் மரபாக ஆண்கள் கூடும் இடம். ஒரே குலத்துக்குள் திருமணம் என்பது அவர்களுக்கு மகாபாவம். நம் ஊர்க் கணக்கில் மாமன் மகள், அத்தை மகன் என்று சிரித்துப் பேசும்முன் யாரோடு பேசுகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

ஏப்ரல் வாக்கில் ஷில்லாங்கில் இருந்தால் வெய்கிங் மைதானத்தில் ஷாத் சுக் மின்சியெம் ஆட்டத்தைப் பாருங்கள். 1899இல் தொடங்கிய செங் காசி அமைப்பு நடத்துவது. மணமாகாத பெண்கள் கிரீடமும் பட்டும் அணிந்து நடுவே, பாதம் தரையை விட்டு எழும்பாத அளவு மெதுவாக நகர்வார்கள். வாளும் சாமரமும் ஏந்திய ஆண்கள் அவர்களைச் சுற்றிக் காவலாக ஆடுவார்கள். இது அவர்களுக்கு வழிபாடும் நன்றிக்கடனும். கேமராவோடு வட்டத்துக்குள் நுழையாமல் ஓரமாக நில்லுங்கள். குடையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கோடை மழை திடீரென்று பிடிக்கும்.