ஐப்பசியிலும் ஆற்றங்கரை முகாமை மூடாமல் வைத்திருக்கலாமா?

ஓயாக்கரை:
இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியா ஓயா என்ற ஆற்றின் ஓரம் ஐந்து கூடாரம் போட்டுப் பயணிகள் தங்க ஓர் இடம் நடத்துகிறேன். ஆகஸ்ட் விடுமுறையோடு கூட்டம் போய்விட்டது. மார்கழிப் பௌர்ணமிக்குச் சிவனொளிபாதமலை யாத்திரை தொடங்கும்வரை மூடிவிடு என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனமில்லை. நேற்றுக் காலை ஒரே ஒரு குடும்பம்தான். பாட்டுச் சத்தம் இல்லை. பனிமூட்டம் தண்ணீருக்கு மேலேயே நிற்க, அடுப்பில் கேத்தல் கொதிப்பதுகூடக் கேட்டது. இந்த இடத்தின் அழகே இப்போதுதான்.

லயத்துப்பிள்ளை:
அண்ணே, தயவுசெய்து மூடுங்க. ஐப்பசியில் காலை வெயில் பளிச்சென்று இருக்கும், மத்தியானத்துக்கு மேல் இடி. உங்கள் கரையில் ஒரு சொட்டு விழாது, மேல்மலையில் கொட்டியிருக்கும். எங்கள் தோட்டத்து ஆற்றில் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில். முதலில் சருகும் குச்சியும் மிதந்து வந்தன. அப்புறம் தண்ணீர் தேத்தண்ணீர் நிறமானது. அம்மா வாளியைக்கூட எடுக்கவில்லை, என்னை இழுத்துக்கொண்டு ஏறினார். திரும்பிப் பார்த்தால் நாங்கள் இருந்த கல் தெரியவில்லை. உங்களுக்கு மேலே கெனியன் அணை வேறு இருக்கிறது. வான்கதவு திறந்தால் என்ன செய்வீங்க?

அடுப்படிக்காரன்:
தங்கச்சி சொல்வது சரிதான். ஆனால் நான் இதே மாதிரி ஓர் இடத்தில் சமைக்கிறேன். மூடச் சொல்லும் நேரம் தீபாவளி நேரம். தேயிலைத் தோட்டத்தில் என்றால் தீபாவளி முற்பணம் கிடைக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு உடுப்பு எதில் எடுப்பது?

ஹட்டன்_கனடா:
இங்கே மேப்பிள் இலை சிவந்து கொட்டுகிற இந்த வாரங்களில்தான் ஆற்றங்கரையில் போய்ப் படுப்பேன். அக்டோபர் நடுவில் பல முகாம்களை மூடிவிடுவார்கள், அதற்கு முந்திய நாட்கள் அவ்வளவு அமைதி. ஓயாக்கரை சொல்வது எனக்குப் புரிகிறது. மழைக்குப் பயந்தால் மலைநாட்டில் வருடம் முழுக்க மூட வேண்டியதுதான்.

லயத்துப்பிள்ளை:
அங்கே குளிருக்கு மூடுகிறார்கள், தேதி முன்பே தெரியும். பதுளைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்தபோது யாருக்குத் தேதி தெரியும்? அது இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலத்து மழைதான், இதே மாதம்தான். அடுப்படி அண்ணன் கேட்பது நியாயம். வேலையாட்களுக்கு முற்பணம் கொடுத்துவிட்டு மூடுங்க, மார்கழிச் சம்பளத்தில் கழிக்கலாம்.

ஓயாக்கரை:
முற்பணம் கொடுக்கிறேன். அதை நான் யோசிக்காதது தப்பு. ஆனால் கூடாரங்களைக் கரையிலிருந்து பின்னால் உள்ள தேயிலை மேட்டுக்கு ஏற்றினால் போதாதா?

லயத்துப்பிள்ளை:
ஆற்றுக்குத் தப்பி மண்ணுக்குள் போகவா? மேட்டில் புது வெடிப்பு இருக்கா, ஊற்று கலங்கி வருதா, மரம் சாய்ந்திருக்கா என்று முதலில் போய்ப் பாருங்க.

ஓயாக்கரை:
போய்ப் பார்த்தேன். மேல் வரப்பில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதன் ஓரத்தில் சவுக்கு மரம் ஓயாப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. சனிக்கிழமை வரவிருந்தவர்களுக்குக் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.